தலையெழுத்தும் தலைப்பின்னலும்

ஏழாம் வகுப்பு. கணக்குப் பாடம். கரும்பலகை அருகே நான். கடைசி வரிசையில் அவள். அவள் கண்களோ முன்னிருந்தவளின் சடைமீது! விரல்கள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. எழுப்பினேன், ஏசினேன். "அவளுக்குக் கணக்கு வராது டீச்சர், தலையெழுத்து அப்படி" என்றாள் ஒருத்தி. வகுப்பு சிரித்தது. வெட்கத்தோடு சொல்கிறேன் தோழர்களே, நானும் சிரித்தேன்.

மாலையில் அழைத்துக் கேட்டேன்: "என்னம்மா எண்ணினாய்?"

"ஆறு தடவை மாற்றிப் போட்டால், மூன்று புரியும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது டீச்சர்."

நான் நம்பவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ரிப்பன்களை எடுத்துப் பின்னிக் காட்டினாள். இடப்புறத்தது நடுவே, அடுத்து வலப்புறத்தது நடுவே. ஆறாவது மாற்றத்தில் மீண்டும் சிவப்பு, பச்சை, நீலம்! மூன்று பொருள்களை வரிசைப்படுத்த 6 வழிகளே உண்டு என்கிறது கணித நூல். அந்த ஆறையும், ஒன்றையும் விடாமல், எதையும் இருமுறை தொடாமல் கடந்து வருகிறது சடை! பட்டம் பெற்ற நான் பாராததை, நாள்தோறும் தங்கைக்குத் தலைவாரும் அவள் பார்த்திருந்தாள்.

தேடிப் படித்தேன். பின்னலையே கணிதத்தின் ஒரு பிரிவாக 1925-ல் வளர்த்தவர் எமில் ஆர்ட்டின். அமெரிக்காவின் கறுப்பினக் கணித அறிஞர் குளோரியா கில்மர், சடை பின்னும் கடைகளுக்கே சென்றார். வகிடுகள் தலையில் வரையும் கட்டங்களிலும் முக்கோணங்களிலும் வடிவியல் கண்டார். ஆப்பிரிக்கக் கலைகளின் கணிதத்தை 1999-ல் நூலாக்கினார் ரான் எக்லாஷ். தலையோடு ஒட்டிப் பின்னும் வரிச்சடையில், ஒவ்வொரு பின்னலும் முந்தையதன் நகலே. சற்று நகர்ந்து, சற்றுத் திரும்பி, சற்றுச் சுருங்கி அமைகிறது. எவ்வளவு நகர்வு, எத்தனை பாகைத் திருப்பம், எவ்வளவு சுருக்கம் என்று கணினித் திரையில் மாணவர்களே எண்களை இட்டு வரிச்சடை வரையவும் அவர் வழி செய்தார். அறிவிலே தாழ்ந்தவர் என்று அடிமைச் சந்தையில் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள், பாட்டியின் கைவேலையில் கணக்குப் படிக்கின்றனர்!

மறுநாள் சுண்ணக்கட்டியை அவளிடம் கொடுத்தேன். நடுங்கிய கை, ஆறு வரிசைகளையும் எழுதி முடித்தது. பின்பு அவளே கேட்டாள்: "நான்கு புரி என்றால் 24 வரிசை. பின்னல் அத்தனையையும் தொடுமா டீச்சர்?"

வகுப்பு சிரிக்கவில்லை, ரிப்பன்களை அவிழ்க்கத் தொடங்கியது.

தோழர்களே, அவள் தலையில் எழுத்து ஏதும் இல்லை. கணக்கு இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.