பட்டா இல்லாத இடத்தில் பத்து ராத்திரி

பேங்க்ல இருபத்து மூணு வருஷம் குப்பை கொட்டினவனுக்கு ஒரு வியாதி வந்துடும். எந்த நிலத்தைப் பார்த்தாலும் இது யார் பேர்ல இருக்கு, வில்லங்கம் ஏதும் உண்டா, தாய்ப் பத்திரம் எங்கேன்னுதான் மனசு போகும். அப்படிப்பட்ட ஒரு பி.காம். ஆசாமியை, முகம் தெரியாத யாரோ ஒருத்தரோட பைன் தோப்புல கூடாரம் போட்டுத் தூங்க வெச்ச நாடு ஸ்வீடன். 2024 ஜூன்ல தங்கமணியும் நானும் அங்கே சைக்கிள்ல போய் வந்த கதைதான் இது.

"சைக்கிளா? நீங்களா?"ன்னு நாக்பூர் ஆபீஸ்ல என் தொப்பையைப் பார்த்துச் சிரிச்சாங்க. நியாயமான சிரிப்புதான். பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயாச்சு, பிரிவிலேஜ் லீவ் சும்மா கிடக்குது, அந்த ஊர்ல ஹோட்டல் எடுத்துத் தங்க நமக்குக் கட்டுப்படியாகாது. ஆக, டென்ட். டென்ட்டைத் தூக்கிட்டு நடக்க முட்டி ஒத்துக்காது. ஆக, சைக்கிள். மூணு மாசம் விடியக்காலைல நாக்பூர் ரிங் ரோட்டுல பழகினோம்.

நாங்க போன பாதைக்குப் பேர் கட்டேகாட்லேடன். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவுல இருக்கிற கட்டேகாட் கடலை ஒட்டி, ஹெல்சிங்போரில ஆரம்பிச்சு கோத்தன்பர்க் (அங்கே உள்ளவங்க வாயில் 'யொத்தெபோரி') வரைக்கும் சுமார் 390 கிலோமீட்டர். 2015-ல திறந்தாங்க. எட்டுப் பகுதியாப் பிரிச்சு வெச்சிருக்காங்க, வழியெல்லாம் சிவப்புப் பலகை. தெற்கிலிருந்து வடக்கே போறது உத்தமம், ஏன்னா அந்தக் கரையில பெரும்பாலும் தென்மேற்குக் காத்து. முதுகுல கை வெச்சுத் தள்ளிவிடும். கோபன்ஹேகன்ல இறங்கி, ரயில்ல ஹெல்சிங்கோர் போய், படகுல 20 நிமிஷம் கடந்தா ஹெல்சிங்போரி. அங்கேயே சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் பை, மேலே டென்ட். பதினோரு நாள், நாளுக்கு சராசரியா 35 கிலோமீட்டர். சின்னப் பசங்க இதை அஞ்சு நாள்ல முடிச்சிடுவாங்க. நாங்க சின்னப் பசங்க இல்லை :-)

சாப்பாட்டு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். ஐரோப்பிய யூனியனுக்குள்ள நெய் கொண்டு போகக் கூடாது, பால் பொருள்னு பிடுங்கிடுவாங்க. பருப்புப் பொடி, ரசப் பொடி, கைமுறுக்கு போதும். அடுப்பு எரிய ஸ்பிரிட் அங்கேதான் வாங்கணும், விமானத்துல ஏத்த மாட்டாங்க. அரிசி எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

மூணாவது நாள் பியாரே தீபகற்பம். (ஹிந்தி 'பியாரே' இல்லைங்க, ஊர்ப் பேரே அதுதான்.) அந்த மண்ணுல விளையற புது உருளைக்கிழங்கு ஸ்வீடன் முழுக்கப் பிரசித்தம். ரோட்டோரமா ஒரு மர ஷெட். உள்ளே பை பையா கிழங்கு, ஒரு விலைப் பலகை, ஒரு போன் நம்பர். ஆள் யாரும் இல்லை. அந்த நம்பருக்கு ஸ்விஷ்ல பணம் அனுப்பிட்டுக் கிழங்கை எடுத்துக்கணும், அவ்வளவுதான். ஸ்விஷ்னா நம்ம யுபிஐ மாதிரி, 2012-ல வந்தது. ஆனா அந்த ஊர் பேங்க் கணக்கு இருந்தாத்தான் வேலை செய்யும். எங்க கையில கார்டுதான் இருக்கு. தங்கமணி கிழங்கைப் பார்க்கறாங்க, நான் தங்கமணியைப் பார்க்கறேன். அப்ப சைக்கிள்ல வந்த ஒரு நடுவயசு அம்மா தன் பைக்கும் எங்க பைக்கும் சேர்த்தே பணம் அனுப்பிட்டு, "சாப்பிடுங்க"ன்னு கையைக் காட்டிட்டுக் கிளம்பினாங்க. தங்கமணி விடுவாங்களா, ஓடிப் போய் ஒரு பாக்கெட் முறுக்கைத் திணிச்சுட்டு வந்தாங்க. உருளைக்கிழங்கு கணக்கு பற்று, முறுக்கு கணக்கு வரவு. ஜர்னல் என்ட்ரி முடிஞ்சது.

இத்தனைக்கும் நம்பிக் கெட்ட சரித்திரமும் இந்த நாட்டுக்கு உண்டு. ஐரோப்பாவுலயே முதல்ல காகித நோட்டு அடிச்சது இங்கேதான், 1661-ல. யோஹான் பால்ம்ஸ்ட்ரூக்ங்கிறவர் நடத்தின பேங்க், கையிருப்புக்கு மேல நோட்டை அடிச்சுத் தள்ளிட்டு, ஜனங்க மாத்தித் தான்னு வந்து நின்னப்ப முழிச்சது. அந்தச் சாம்பல்லேர்ந்துதான் 1668-ல இப்ப இருக்கிற ரிக்ஸ்பேங்க் பிறந்தது. உலகத்துலயே பழைய மத்திய வங்கி அது. நம்பிக்கைங்கிறது அவங்களுக்கும் பிறவியிலேயே வந்தது இல்லைன்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்ப பட்டா விஷயம். ஸ்வீடன்ல 'அல்லேமான்ஸ்ரெட்டன்'னு ஒண்ணு இருக்கு. எல்லாருக்குமான உரிமைன்னு வெச்சுக்கலாம். அடுத்தவர் காட்டுல நடக்கலாம், காட்டுப் பழம், காளான் பறிக்கலாம், ஓரிரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்துல கூடாது, தோட்டத்துலயும் பயிர் நிக்கிற வயல்லயும் கூடாது. பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதின்னா அதுக்குத் தனி விதி, பலகையைப் படிக்கணும். கடற்கரையில அப்படிப் பல இடம் உண்டு. அதனால ஆறு ராத்திரி காசு கட்டி முகாம் மைதானத்துல தங்கினோம், நாலு ராத்திரிதான் காட்டுல. 1994-ல அரசியல் சாசனத்துல இந்த உரிமையைச் சேர்த்துட்டாங்க. ஆனா எங்கே, எவ்வளவு, எப்படின்னு வரி வரியா எழுதின தனிச் சட்டம் கிடையாது. தொந்தரவு பண்ணாதே, நாசம் பண்ணாதே. அவ்வளவுதான் சாராம்சம்.

முதல் காட்டு ராத்திரி ஃபால்கென்பெரிக்கு வடக்கே. மணி பத்தாகியும் வெளிச்சம் போகலை. அங்கே ஜூன்ல அப்படித்தான். யாராவது வந்து "ஏய், யார் நீங்க?"ன்னு கேட்பாங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருந்தேன். வந்தார். ஒரு பெரியவர், கூட ஒரு நாய். நான் பதறி எழுந்து பாஸ்போர்ட் பையைத் தொட்டேன். அவர் "ஹேய்"ன்னார். ராத்திரி காத்து திரும்பும், டென்ட் வாசலை அந்தப் பக்கம் மாத்திக்கோங்கன்னு இங்கிலீஷ்ல சொன்னார். போயிட்டார். பேரு? ஊரு? ம்ஹூம். இருபத்து மூணு வருஷமா கேஒய்சி வாங்காம ஒருத்தரை உள்ளே விட்டதில்லை நான். தங்கமணி சிரிச்ச சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாச்சு.

வார்பெரில நல்ல மழை. பகல் முழுக்க டென்ட்டுக்குள்ள. டென்ட்ல ஒரு வசதி, கோபிச்சுக்கிட்டு எழுந்து போக இன்னொரு ரூம் கிடையாது. நான் வாயைத் திறந்தேன். ப்ரமோஷனுக்கு விருப்பம் கேட்டு சர்க்குலர் வந்திருந்தது. எழுதிக் கொடுத்து, இன்டர்வியூல தேறினா ஒரு படி மேலே, கூடவே கட்டாய டிரான்ஸ்ஃபர். எந்த மாநிலம்னு ஆர்டர் வந்தாத்தான் தெரியும்.

தங்கமணி கணக்கு டீச்சர். சேலத்துல நல்ல ஸ்கூல் வேலை. எனக்காக விட்டாங்க. ராஜமுந்திரி, பாட்னா, ராய்ப்பூர், இந்தூர்னு சுத்தினதுல இன்னும் ரெண்டு வேலை போச்சு. மொத்தம் ஒன்பது வீடு. ஒவ்வொண்ணுலயும் திரைச்சீலை அளவு மாறும், பால்காரர்கிட்ட பேச பாஷை மாறும். நாக்பூர்ல மூணு வருஷமா வீட்டுல டியூஷன் எடுக்கறாங்க, பதினாலு பசங்க. தெருவுல இப்ப நான்தான் 'டீச்சர் வீட்டுக்காரர்'.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம்தான். அப்புறம் சொன்னாங்க, "நீங்க தாராளமா எழுதிக் குடுங்க. எந்த ஊர் போட்டாலும் போங்க. நான் வரலைங்க."

"கோபமா?"

"கோபம் எல்லாம் இல்லை. இந்த டென்ட் பத்தாவது வீடு. இது ஒண்ணைத்தான் சிரிச்சுக்கிட்டே காலி பண்றேன், பதினாலு நிமிஷத்துல. பதினொண்ணாவது எனக்கு வேண்டாம்."

நான் பதில் சொல்லலை. அடுப்பை மூட்டி ரசம் வெச்சேன். ரெண்டு பேரும் டம்ளர்ல குடிச்சோம்.

மிச்சம் ரெண்டு நாள் வெயில். கடைசியா கோத்தன்பர்க்குக்குள்ள நுழையற பாதை பழைய ரயில் தடம். 1965-ல ரயிலை நிறுத்திட்டாங்க, தண்டவாளம் கிடந்த இடத்துல இப்ப சைக்கிள் ஓடுது. மேடே கிடையாது. தங்கமணி முன்னாடி, நான் பின்னாடி. அந்தச் சமதரையில மிதிச்சுக்கிட்டே மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சேன். சம்பளம் ஏறும், பென்ஷன் கொஞ்சம் கூடும். இன்னொரு பக்கம் ரெண்டு வாடகை, ரெண்டு சமையல், மாசம் ஒரு ரயில் டிக்கெட், ராத்திரி போன்ல பத்து நிமிஷக் குடித்தனம். கழிச்சு மிஞ்சினது, நான் எதிர்பார்த்ததை விட ரொம்பக் குறைச்சல்.

சர்க்குலரோட கடைசித் தேதி ஜூலைலயே போயிடுச்சு. நான் எழுதிக் கொடுக்கலை. தியாகம், அது இதுன்னு யாரும் நினைக்க வேண்டாம், பேலன்ஸ் ஷீட்டே அப்படித்தான் வந்தது. தங்கமணிகிட்ட சொன்னப்ப "அப்படியா"ன்னாங்க. சாயங்காலம் கேசரி கிடைச்சது, நெய் தாராளமா.

அடுத்தது நார்வே கரைன்னு பேச்சு ஓடுது. அங்கே இதுக்கு 1957-லயே சட்டம் உண்டு. ஆள் இருக்கிற வீட்டுலேர்ந்து குறைஞ்சது 150 மீட்டர் தள்ளி டென்ட் போடணும்னு அளவோட எழுதி வெச்சிருக்காங்க. என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் நிம்மதி. ஆனா பத்தாவது பசங்க பரீட்சை முடியணும். இந்தத் தடவை லீவ் சாங்ஷன் பண்ண வேண்டியது மேடம்.