கட்டிலைச் சுற்றி சூப்பர் ஹீரோக்கள்

ஒரு சொடக்குப் போட்டால் பிரபஞ்சத்தில் பாதி உயிர்கள் காலி. 2018-ல் வந்த ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ படத்தைப் பார்த்த பிள்ளைகள் எந்த வீட்டில் இருந்தாலும் சரி, இந்த தானோஸைப் பற்றி நமக்கு வகுப்பே எடுப்பார்கள். சினிமாவில் அவன் சொல்லும் காரணம், ஜனத்தொகை பெருத்துவிட்டது, எல்லோருக்கும் போதாது என்பது. ஏதோ ரேஷன் கடை சமாசாரம் போல இருக்கும். 1991-ல் ஆறு இதழ்களாக வந்த ‘இன்ஃபினிட்டி கான்ட்லெட்’ காமிக்ஸைப் புரட்டினால் விஷயமே வேறு. அதில் தானோஸுக்குக் காதல். காதலி யார் தெரியுமோ? மரணம். முக்காடிட்ட பெண்ணாக, வாய் திறக்காமல் நிற்கிறாள். அவள் மனம் குளிரட்டும் என்றுதான் அந்தச் சொடக்கு. அப்போதும் அம்மணி இரங்கவில்லை!

இதை எழுதிய ஜிம் ஸ்டார்லின் டெட்ராய்ட்காரர். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையில் போட்டோகிராபராக இருந்தவர். பிறகு காலேஜில் கொஞ்சம் மனோதத்துவம் படித்தார். அந்த வகுப்பு தந்த வரவுதான் தானோஸ். கிரேக்கத்தில் தானாடோஸ் என்றால் மரணம். தானோஸின் தம்பி பெயர் ஈராஸ், அதாவது காதல். 1973-ல் ‘அயர்ன் மேன்’ 55-வது இதழில் தானோஸை இறக்கிவிட்டு, அங்கிருந்து வருஷக்கணக்காக ஒரு பெரிய அண்டசராசரக் கதையைப் பின்னினார் ஸ்டார்லின்.

இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த எனக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் மூச்சு முட்டியது. பக்கத்துக்கு நாலு கிரகம் வெடிக்கிறது. ஆளாளுக்குக் கடவுளாகிவிடுகிறார்கள். ‘போதுமப்பா’ என்று மூடி வைக்க இருந்தவனை நிறுத்தியது நடுவில் வரும் ஒரு புத்தகம். 1982-ல் வந்த ‘தி டெத் ஆஃப் கேப்டன் மார்வெல்’. மார்வெல் கம்பெனி வெளியிட்ட கிராஃபிக் நாவல் வரிசையில் அதுதான் முதல் புத்தகம்.

இந்த கேப்டன் மார்வெல், 2019 படத்தில் பார்த்த பெண் அல்ல. இவர் அதே பெயரை 1967-லிருந்து சுமந்த ஆண். க்ரீ என்ற வேற்றுக்கிரகப் படையின் சிப்பாய். பூமியை உளவு பார்க்க வந்தவர் நம் பக்கம் சாய்ந்துவிட்டார். தானோஸ் ஒரு மாயக் கனசதுரத்தைக் கைப்பற்றிக் கடவுளாகவே ஆகிவிட்டபோது, அதை அடித்து நொறுக்கிப் பிரபஞ்சத்தைக் காப்பாற்றியவர் இவர்தான். கொஞ்ச நாளில், 1974-ல் ஒரு சில்லறை வில்லனோடு சண்டை. விஷவாயு கசிகிறது. ஊர் அழியக் கூடாதே என்று கசிவைத் தானே அடைக்கிறார். ஜெயித்தாயிற்று, கதை முடிந்தது என்று வாசகர்கள் மறந்துபோனார்கள்.

எட்டு வருஷம் கழித்து, ஸ்டார்லின் அந்த வாயுவுக்குக் கணக்குக் கேட்கிறார். கேப்டன் மார்வெலுக்குப் புற்றுநோய்.

குத்துவதற்கு முகம் இல்லாத வில்லன். இதில் ஒரு குரூரமும் உண்டு. அவருக்கு சக்தி தரும் கைக்காப்புகள்தான் நோயை இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தன. இப்போது அதே சக்தி மருந்தையும் வேலை செய்ய விடமாட்டேன் என்கிறது. அவருடைய நண்பன் ரிக் ஜோன்ஸ் கொதித்துப்போய் அவெஞ்சர்ஸிடம் ஓடுகிறான். என்னென்னவோ மெஷின் கண்டுபிடிக்கிறீர்களே, இதுவரை இதற்கு ஏன் மருந்து தேடவில்லை என்று கேட்கிறான். அத்தனை மேதைகளுக்கும் பதில் தெரியவில்லை. காமிக்ஸ் உலகத்தையே பார்த்துக் கேட்ட கேள்வி அது. தலைகுனிந்து சோதனைச்சாலைக்குப் போகிறார்கள். பலன் இல்லை.

அப்புறம் ஒவ்வொருவராக வந்து கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். மலையைத் தூக்குகிறவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்கிறார்கள். ஸ்பைடர்மேன் தாங்க முடியாமல் வெளியே போய்விடுகிறான். காலமெல்லாம் அவரோடு மோதிய ஸ்க்ரல் இனத்திலிருந்து ஒரு தளபதி வருகிறார். எதிரி நாட்டுப் பதக்கம் ஒன்றை மரியாதையோடு கொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்த இடத்தில் எனக்கு என் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. தொண்டையில் அவருக்கு இதே நோய். வீட்டில் யாரும் பெயரைச் சொல்லமாட்டார்கள். ‘அந்த வியாதி’ என்பார்கள், அதுவும் தாழ்ந்த குரலில். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, “ஒண்ணும் இல்லேண்ணே, சரியாயிடும்” என்பார்கள். பெரியப்பா கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் அவருடைய பங்காளி வந்தார். ஒரு பொதுச்சுவருக்காக இருவரும் பல வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள். வந்தவர் நலம் விசாரிக்கவில்லை. “என்னய்யா படுத்துட்டே? கேஸ் பாக்கி இருக்கு, வாய்தாவுக்கு வரவேணாமா?” என்றார். பெரியப்பா முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். குரல் வராமலே கையை ஆட்டிச் சண்டை போட்டார். அந்தப் பத்து நிமிஷம் அவர் நோயாளியாக இல்லை.

ஸ்டார்லினும் அதையேதான் செய்கிறார். கேப்டன் மார்வெல் நினைவிழந்த பிறகு, அவர் மனதுக்குள் வருகிறவன் யார்? முன்பே கல்லாகிச் செத்துப்போன தானோஸ்! “எழுந்திரு, ஒரு வீரன் படுக்கையிலா போவது?” என்கிற மாதிரி சண்டைக்கு இழுக்கிறான். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் பழைய உடம்போடு எழுந்து மோதுகிறார். பிறகு, போதும், இனி போராட வேண்டியதில்லை என்று அவரே ஒத்துக்கொள்ளும் இடத்துக்குத் தானோஸ் அழைத்துப் போகிறான். மரணம் அவரை முத்தமிடுகிறாள். தன் காதலி இன்னொருவனை முத்தமிடுவதைத் தானோஸ் பக்கத்தில் நின்று பார்க்கிறான். வெளியே, கட்டிலருகே, உயிர் போய்விட்டது என்று அறிவிக்கிறார் மென்டர். அவர் வேறு யாருமில்லை, தானோஸின் அப்பா.

சூப்பர் ஹீரோ சாவதில் ஒன்றும் அதிசயமில்லை. 1992-ல் சூப்பர்மேனைக் கொன்றார்கள், மறுவருஷமே எழுப்பி உட்கார வைத்தார்கள். கேப்டன் மார்வெல் அதற்குப் பிறகு ஓரிரு கதைகளில் தலைகாட்டியிருக்கிறார், நிலைக்கவில்லை. அவருடைய பெயரைக்கூட 2012-ல் கரோல் டான்வர்ஸ் என்ற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சாவில் கைவைக்க எழுதுகிறவர்களுக்கே மனசு வரவில்லை என்று நினைக்கிறேன்.

காரணம் இருக்கிறது. ஸ்டார்லினின் அப்பா புற்றுநோயில்தான் இறந்தார். அந்தத் துக்கத்தை இறக்கி வைக்கத்தான் இந்தப் புத்தகம் உதவியது என்று அவரே சொல்லியிருக்கிறார். நினைத்தால் ஒரே கட்டத்தில் கேப்டனைக் குணமாக்கியிருக்கலாம். பேனா அவர் கையில்தானே? செய்யவில்லை. மருந்துக்குப் பதிலாக, கடைசி நேரத்தில் ஒரு நல்ல சண்டையைக் கொடுத்தார். கோபித்துக்கொண்டு போன ரிக்கைத் திருப்பி அழைத்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தப் பையனிடம் சூப்பர் சக்தி எதுவும் கிடையாது.