மூன்றாவது பெயர்

ஜேர்மனியில் ஒரு வீட்டுக்குக் குடிபோனால் இரண்டு வாரத்துக்குள் நகரசபையில் பதிய வேண்டும். வதிவுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. எங்கள் ஆட்கள் இதை 'அன்மெல்டுங்' என்றே சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய பெரியம்மாவுக்கும் ஒரு வாரத்தில் அந்தச் சொல் வாயில் வந்துவிடும். 2015 நவம்பரிலிருந்து, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு சீட்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முகவரி, குடிவந்த தேதி, குடிவந்தவர்களின் பெயர்கள் எல்லாம் சேர்ந்து அரைப் பக்கம்தான் வரும்.

2022 ஜூலையில் சட்டத்தரணியான என் மேசைக்கு வந்த அப்படியொரு சீட்டில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயரின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேரான கோடு.

கோடு விழுந்த பெயருக்குரியவர் தென்காசிப் பக்கத்துக்காரர். மருத்துவம் படிக்கவென்று ஹார்கிவ் போய், பாதியில் படிப்பை விட்டு, அங்கே படிக்கும் இந்தியப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தியவர். மனைவி உக்ரைன்காரி, பியானோ சொல்லிக்கொடுப்பவர். 2011இல் கல்யாணம். எட்டு வயதில் ஒரு மகன். (அவர்களுடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

போர் தொடங்கி ஒரு வாரத்துக்குள், மார்ச் 2ஆம் தேதி, ஹார்கிவில் இருக்கும் இந்தியர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று இந்தியத் தூதரகம் அறிவித்தது. வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது பிசோச்சின், பெஸ்லியூதிவ்கா போன்ற புறநகர்களுக்கு மாலை 6 மணிக்குள் போய்ச் சேரச் சொன்னார்கள். 'ஆபரேஷன் கங்கா' என்ற பெயரில் இந்தியா இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்ட நாட்கள் அவை. இவருடைய போனுக்கும் அந்த அறிவிப்பு வந்தது.

"மெஸ்ஸுல சாப்பிட்ட பசங்க எல்லாம் அன்னைக்கே நடந்து போயிட்டாங்க மேடம். நான் எப்படிப் போறது? மாமியார் அங்கேயே சால்திவ்கா ஏரியாவுல பேஸ்மென்ட்டுல இருந்தாங்க. அம்மாவை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா இவ."

மாமியாரைப் பொல்தாவாவில் உள்ள உறவுக்காரர்களிடம் சேர்த்த பிறகே மூவரும் ல்விவ் வந்திருக்கிறார்கள். ரயிலில் முதலில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். இவர் அடுத்த ரயிலில் வந்தார். அதனால் போலந்தின் பிஷெமிஷில் மனைவியின் கடவுச்சீட்டில் விழுந்த முத்திரைக்கும் இவருடையதற்கும் ஒரு நாள் வித்தியாசம். இந்த ஒரு நாளும் பிறகு அவருக்கு எதிராக எழுதப்பட்டது: 'குடும்பமாக வரவில்லை' என்று.

ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று தங்கள் வீட்டின் மேல்மாடியைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. வீட்டுக்காரம்மா மூன்று பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நகரசபைக் கவுண்டரில் மனைவிக்கும் மகனுக்கும் உடனே பதிவு முடிந்தது. அடுத்து இந்தியக் கடவுச்சீட்டு. விசா இல்லை, ஆகவே பதிய முடியாது, முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி எடுத்து வா என்றார்கள். அதே கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்த வெளிநாட்டவர் அலுவலகத்தில், பதிவு இல்லாதவருக்குத் தவணை தருவதில்லை என்றார்கள். இரண்டு மாடிகளுக்கும் இடையில் அந்த மனிதரின் வசந்தகாலம் முழுக்கப் போயிற்று.

கவுண்டரில் இருந்தவரை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். அந்த ஒரு வருடத்தில் உக்ரைனிலிருந்து சுமார் பத்து லட்சம் பேர் ஜேர்மனிக்கு வந்தார்கள். நேற்று வரை நாய்வரிப் பிரிவில் இருந்தவரை இன்று இந்தக் கவுண்டரில் இருத்தினார்கள். ஆனால் அவர் கீறிய அந்தக் கோட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. பதிவுச் சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: இந்த ஆள் இந்த வீட்டில் குடியிருக்கிறாரா? விசா இருக்கிறதா என்பது வேறு சட்டத்தின் கேள்வி, வேறு அலுவலகத்தின் வேலை. பதிவு என்பது அரசு கொடுக்கும் சலுகையும் அல்ல. குடிவந்தவர் மேல் சட்டம் சுமத்திய கடமை அது. கடமையைச் செய்ய வந்தவரை அனுமதி எடுத்து வா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

ஜூலையில் அவர் கொண்டுவந்த கடிதம் இன்னும் மோசம். மனைவியோடு துணைக்குப் போனபோது ஒரு படிவம் நிரப்பியிருக்கிறார்கள். 'மூன்றாம் நாட்டவர்: உக்ரைனில் நிரந்தர வதிவிட அனுமதி இருந்ததா?' இல்லை. தற்காலிக அனுமதி மட்டும், அதுவும் ஜனவரியில் முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நிலையில் போர் வந்துவிட்டது. 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு புள்ளடி. அந்தப் புள்ளடியை வைத்து, ஆகஸ்ட் 31க்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். வாய்வார்த்தையாக, வேண்டுமானால் புகலிடம் கேட்டுப் பார் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

"கேட்டிட்டீங்களோ?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். இல்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது. "தம்பி, ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ. என்ன பேப்பர் நீட்டினாலும் சட்டத்தரணியிட்டக் காட்டிப்போட்டுச் சொல்லுறன் எண்டு சொல்லுங்கோ."

இந்தியக் கடவுச்சீட்டோடு புகலிடம் கேட்டால் நிராகரிப்பு அநேகமாக நிச்சயம். நிராகரிக்கப்பட்டவருக்குப் பிறகு வேறு வதிவிட அனுமதி கொடுப்பதையும் சட்டம் இறுக்கிவிடும். அதற்கு முன்னாலேயே மனைவி பிள்ளையிடமிருந்து பிரித்து வேறு ஊர் முகாமுக்கு அனுப்பவும் இடமுண்டு. நல்லது சொல்வதாக நினைத்துக் கவுண்டரில் சொல்லப்படும் இந்த ஆலோசனையால் கெட்டுப்போன கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் புகலிடம் தேவையே இல்லை. யூகோஸ்லாவியப் போர்களின்போது அகதிகளை எப்படி ஏற்பது என்று தெரியாமல் திண்டாடிய ஐரோப்பா, 2001இல் தற்காலிகப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் எழுதி வைத்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்காமல், ஒரு கூட்டத்தையே மொத்தமாக ஏற்றுக்கொள்வது அதன் நோக்கம். 2015இல் சிரியர்கள் வந்தபோதுகூட அதை யாரும் எடுக்கவில்லை. முதல்முறையாக எடுத்தது 2022 மார்ச் 4ஆம் தேதி. அன்றைய ஐரோப்பிய ஒன்றிய முடிவில் யார் யாருக்குப் பாதுகாப்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. உக்ரைன் குடிமக்கள், அங்கே அகதி அந்தஸ்தில் இருந்தவர்கள், இவர்கள் இருவகையினரின் குடும்பத்தினர். அதற்குப் பிறகு, தனியாக, நிரந்தர அனுமதியோடு இருந்து சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாத பிற நாட்டவர்கள்.

படிவத்தில் இருந்த கேள்வி இந்தக் கடைசி வகைக்குரியது. என் கட்சிக்காரர் குடும்பத்தினர் வகையைச் சேர்ந்தவர். அந்த வகைக்கு அனுமதி அட்டையைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. பிப்ரவரி 24க்கு முன்னரே குடும்பம் உக்ரைனில் வாழ்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. கணவன் எந்த நாட்டுக்காரன் என்பதே கேள்வி அல்ல. கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்ததும் அதிகாரி நேராகக் கடைசி வரிக்குப் போய்விட்டார். ஜேர்மன் சட்டத்தில் இதற்கான அனுமதி 24ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அந்த அட்டை பாதுகாப்பைக் காட்டும் சான்று. பாதுகாப்பு மார்ச் 4ஆம் தேதியே வந்துவிட்டது.

எண்பதுகளில் கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்குக்கு ரயிலேறி வந்தவர் என் அப்பா. அவர் சட்டைப் பையில் வைத்திருந்தது 'டுல்டுங்' என்ற மடித்த தாள். நாடுகடத்தலை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதற்குமேல் அதில் எதுவும் இல்லை. அந்தத் தாள்தான் அவருக்கு எல்லாமே. அதனால் அலுவலகக்காரர் சொல்வதே சட்டம் என்று அந்தத் தலைமுறை நம்பியதில் ஆச்சரியமில்லை. இந்தத் தம்பிக்குச் சட்டமே கையில் இருந்தது. இருந்தும் அவரும் அப்படியே நம்பினார்.

சரி, கல்யாணத்துக்குச் சான்று? சான்றிதழ் சால்திவ்கா வீட்டோடு போய்விட்டது என்றார். மனைவியின் பயணக் கடவுச்சீட்டில் திருமண விவரம் கிடையாது. மனைவியிடம் உள்நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். உக்ரைனில் 2016இல் அட்டை வருவதற்கு முன்னால் எல்லோரிடமும் இருந்தது ஒரு சிறு புத்தகம். பதினாறு வயதில் கொடுப்பார்கள். இருபத்தைந்திலும் நாற்பத்தைந்திலும் புதுப் படம் ஒட்டுவார்கள். மனைவி கைப்பையின் உள்ளறையிலிருந்து அதை எடுத்தார். ஐரோப்பாவில் அதற்கு மதிப்பில்லை என்று யாரோ சொன்னதால் ஒரு கவுண்டரிலும் காட்டவில்லையாம். பதினாறு வயது முகம், பக்கத்தைப் புரட்டினால் இருபத்தைந்து வயது முகம். இன்னும் புரட்டினால் சால்திவ்கா முகவரியின் பதிவு முத்திரையும் 2011இல் குத்திய திருமண முத்திரையும். திருமண முத்திரையில் கணவன் பெயர் உக்ரைன் எழுத்தில். மகனின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் 'ஓவிச்' என்ற வாலோடு பிள்ளையின் நடுப்பெயராகி இருந்தது. அதைப் பார்த்து இருவரும் சிரித்தோம். இரண்டையும் மொழிபெயர்ப்பாளருக்கு அன்றே அனுப்பினேன்.

அடுத்து நான் தேடாமலே கிடைத்த சான்று. 2022 ஜூன் 1 முதல் உக்ரைன் அகதிகளின் உதவித்தொகை 'ஜொப்சென்டர்' என்ற வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பொறுப்புக்கு மாறியது. மனைவிக்கும் மகனுக்கும் வந்த முடிவுக் கடிதத்தைக் கோப்பில் வைத்திருந்தார். கணக்குப் பக்கத்தைப் பார்த்தேன். வாடகையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கொடுத்திருந்தார்கள். வாடகையைக் குடியிருக்கும் தலைகளின் எண்ணிக்கையால் வகுப்பது அங்கே வழக்கம். வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பேர், ஆகவே மூன்றாவது ஆளின் பங்கு கிடையாது. பணத்தைக் குறைப்பதற்கு அவர் அந்த வீட்டில் இருந்தார். பதிவேட்டில் ஏற்றுவதற்கு இல்லை!

அந்தக் கணக்குப் பக்கத்தை 24ஆம் பிரிவு அனுமதிக்கான விண்ணப்பத்தின் முதல் இணைப்பாக வைத்தேன். விண்ணப்பத்தை ஃபாக்ஸில் அனுப்பினேன். சிரிக்காதீர்கள், ஜேர்மன் அலுவலகங்களில் ஃபாக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. போய்ச் சேர்ந்த நேரத்தை அச்சடித்துத் தரும் அந்தத் தாளை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. இங்கே எனக்குத் தேவைப்பட்டது அந்த நேரம்தான். அன்று நடைமுறையிலிருந்த விதியின்படி, போர் தொடங்கியபோது உக்ரைனில் இருந்தவர்கள் ஆகஸ்ட் 31 வரை அனுமதி இல்லாமலே சட்டப்படி தங்கலாம். சட்டப்படி தங்கியிருக்கும் ஒருவர் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை அவர் தங்குவது அனுமதிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவு. அதற்கான சான்றை அலுவலகம் கொடுத்தே ஆக வேண்டும். 'உங்களுக்கு விண்ணப்பமே போட முடியாது' என்று அதுவரை திருப்பி அனுப்பியதால்தான் இந்தப் பிரிவு அவருக்கு வேலை செய்யாமல் கிடந்தது.

பதில் இரண்டு வரியில் வந்தது. மூன்றாம் நாட்டவர், நிரந்தர அனுமதி இல்லை. முத்திரைத் தேதி வித்தியாசம் பற்றிய வரியும் அதில்தான். நான் எழுதியதை யாரும் வாசிக்கவில்லை என்பது தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் நிர்வாக நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்டேன். அவர் அதற்குப் பயந்தார். "கேஸ் போட்டா கோபப்பட மாட்டாங்களா மேடம்? நாளைக்கு அவ கார்டையும் பிடுங்கிட்டா?" இந்தப் பயத்துக்கு என்னிடம் சட்டப் பதில் இல்லை. "கோவிக்கட்டும் தம்பி. கோவத்துக்குப் பிடுங்கேலாது" என்றேன். செலவைப் பற்றிக் கேட்டார். ஆலோசனை உதவித் திட்டத்தில் கட்சிக்காரர் தர வேண்டியது 15 யூரோ மட்டும். வழக்குக்கு நீதிமன்றத்திலேயே செலவுதவி கேட்கலாம் என்று சொன்னேன்.

தீர்ப்பு வரவில்லை. நீதிபதி அலுவலகத்திடம் கோப்பையும் விளக்கத்தையும் கேட்டார். அவர்களுடைய சட்டப் பிரிவில் யாரோ முதல்முறையாகக் கோப்பைத் திறந்து படித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் சான்றை எடுத்துப் போகச் சொல்லி அழைப்பு வந்தது. வழக்கு முடிந்ததாக இரு தரப்பும் அறிவித்தோம். செலவு அவர்கள் தலையில். மேற்கோள் காட்ட ஒரு தீர்ப்புக் கிடைக்காமல் போனது ஒரு சட்டத்தரணியாக எனக்குக் குறைதான். இதே படிவத்தோடு இன்னும் எத்தனை பேர் வீட்டில் இருந்தார்களோ! நேராகக் கேட்ட இடத்தில் கொடுத்துவிட்டு, கேட்காதவர்கள் விஷயத்தில் பேசாமல் இருந்துவிடலாம் என்பது அலுவலகங்களுக்கு வசதி.

பதிவுக்குப் போனபோது, கோடு போட்ட சீட்டு செல்லாது, புதிது கொண்டுவா என்றார்கள். வீட்டுக்காரம்மா, "இந்தமுறை பெரிய எழுத்தில் எழுதுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தார். குடிவந்த தேதி மார்ச். பதிந்தாயிற்று. சில வாரம் கழித்து அவருக்கு ஒரு கடிதம்: இரண்டு வாரத்துக்குள் பதியத் தவறியது நிர்வாகக் குற்றம், விளக்கம் தருக, ஆயிரம் யூரோ வரை தண்டம் விதிக்கப்படலாம். கணினி தானாகக் கக்கியது என்று நினைக்கிறேன். பழைய சீட்டின் பிரதியை வைத்து, கோட்டைச் சுட்டி ஒரே வாக்கியத்தில் பதில் எழுதினேன். நடவடிக்கை கைவிடப்பட்டது என்று வந்தது.

இப்போது ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார். மகன் ஜேர்மனில் சண்டை பிடிக்கிறான். கோப்பை மட்டும் மூட முடியவில்லை. பிறகு கிடைத்த அனுமதி அட்டையில் அச்சிட்ட முடிவுத் தேதி 2024 மார்ச் 4. புது அட்டை அடிக்காமல், விதியின் மூலமே காலத்தை 2025 வரைக்கும், பிறகு 2026 வரைக்கும் நீட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவு இப்போது 2027 மார்ச் 4 வரை போகிறது. வங்கியோ, சம்பளப் பிரிவோ, வீட்டுக் கம்பெனியோ அட்டையின் தேதியைத்தான் பார்க்கும். நீட்டிப்பு விதியிலும், நிரந்தர அனுமதி இல்லாத மூன்றாம் நாட்டவருக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி இருக்கிறது. குடும்பத்தினருக்கு விதிவிலக்கு உண்டு. முதல் பாதியை வாசித்துவிட்டு நிறுத்துபவர் எங்கும் ஒருவர் இருப்பார்.

ஒவ்வொரு பிப்ரவரியும் போன் வரும். "அக்கா, ஆபீஸ்ல திரும்பவும் கேக்குறாங்க." விதியின் அந்தப் பக்கத்தை, விதிவிலக்கு வரியில் மஞ்சள் பூசி, அனுப்பிவைக்கிறேன்.