கலக்கல் தண்ணி

குறுக்குத்துறையில் குளித்து வளர்ந்தவர்கள் மேற்கே ஒரு பார்வை பார்க்காமல் ஆற்றில் இறங்க மாட்டார்கள். திருநெல்வேலியில் வெயில் கொளுத்தும். பொதிகைப் பக்கம் மட்டும் கறுத்துக் கிடக்கும். "ஏல, கலக்கல் தண்ணி வந்துட்டு, கரையேறு" என்பாள் ஆச்சி. தண்ணீரின் நிறமும் மிதந்து வரும் சருகும் அவளுக்குப் போதும்.

தாமிரபரணி குட்டை ஆறு. மொத்தமே 130 கிலோமீட்டருக்குள்தான். 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மலையில் பிறந்து, அந்த உயரத்தில் பெரும்பகுதியைப் பாபநாசத்துக்குள்ளேயே இறங்கித் தீர்த்துவிடும். அப்புறம் புன்னக்காயல் வரை சமவெளி. மாஞ்சோலை மழை மணிமுத்தாறு வழியாகவும், குற்றாலத்து மழை சிற்றாறு வழியாகவும் வந்து சேரும். மேலே பெய்தது கீழே வர அதிக நேரம் ஆகாது.

1992 நவம்பர் வெள்ளத்தை அப்படித்தான் எல்லோரும் புரிந்துகொண்டோம். மாஞ்சோலை மலையில் காக்காச்சியில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர். அணை, ஆறு, ஊர் என்று வரிசையாக வந்த வெள்ளம் அது. குறுக்குத்துறை முருகன் கோயிலைக் கட்டியவர்களுக்கும் இந்த வரிசை தெரிந்திருக்கிறது. ஆற்றுக்குள்ளேயே கோயில், தண்ணீரைக் கிழிக்கப் படகின் முனைபோல ஒரு மதில். வெள்ளம் வந்தால் உற்சவர் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார். வெள்ளத்தோடு சண்டை கிடையாது, ஒதுங்கல்தான். எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் இன்றைக்கும் மரியாதை.

2023 டிசம்பரில் கணக்கு மாறியது. மலையிலும் பேய்மழைதான். ஆனால் காயல்பட்டினத்தில், கடலோரத்தில், ஒரே நாளில் 946 மில்லிமீட்டர்! காக்காச்சியின் அளவுக்கு ஏறக்குறைய சமம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன ரயிலில் ஏறத்தாழ 800 பேர் மாட்டிக்கொண்டதை நாடே பார்த்தது. குளங்கள் உடைந்ததை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. எட்டு அணைக்கட்டுகளின் வாய்க்கால்கள் நிரப்பும் குளங்கள் அவை. ஒன்றின் மறுகால் இன்னொன்றுக்குப் போகும். மேலே ஒரு கரை போனால் கீழே உள்ளதும் தாங்காது.

ஆச்சி அப்போது இல்லை. சித்தி ஆற்றைவிட்டுத் தள்ளி, கீழ்க்கோடியில் ஒரு கிராமத்தில் இருந்தாள். "அணையத் தொறந்துட்டாங்கன்னுல்லா சொல்லுதாங்க. ஆத்துத் தண்ணின்னா மேக்கயிருந்துல்லா வரும்? எங்க வீட்டுக்குள்ள வந்தது கொல்லைப்பக்கத்துக் குளம்லா!"