பட்டியலைப் பேணுகிறவர்கள்

திருகோணமலை மாவட்டத்தில் 1981இல் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது. அடுத்த முழுக் கணக்கெடுப்புக்கு 2012 வரை, 31 ஆண்டுகள் காத்திருந்தோம். 2001இல் நாட்டை எண்ணியபோது போர் காரணமாக எங்கள் மாவட்டத்தை எண்ணி முடிக்க முடியவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் ஏறியதும் அதற்குள்தான். அதற்கு முன்பு ஓர் ஊரில் எத்தனை குடும்பம் இருந்தது என்று கேட்டால் கச்சேரிக் கோப்பு ஒன்று சொல்லும், பள்ளிவாசல் கணக்கு வேறொன்று சொல்லும், கோயில் கணக்கு மூன்றாவதாக ஒன்று சொல்லும்.

ஆகவே, அரச தரவுகளுக்கு ஊரார் சேர்ந்து ஒரு பொதுப் பட்டியல் நடத்தவேண்டும் என்று இளையவர்கள் பேசும்போது எனக்கு மனம் நிறைகிறது. அரச பதிவறைகளில் காலம் கழித்தவன் என்ற உரிமையில் அவர்களுக்குச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. தொடங்குவது பற்றி எனக்குக் கவலையில்லை. மூன்றாம் வருடம் யார் அதைப் பார்க்கப்போகிறார்கள் என்பதுதான் கவலை.

சுனாமிக்குப் பிறகு சில நாட்களிலேயே இலங்கையின் கணினித் தொண்டர்கள் கூடி ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள், எங்கே என்ன தேவை என்ற விபரம் எல்லாம் அதில் பதிவாயின. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010இல் ஹெய்ட்டிக்கும் அதே மென்பொருள் போனது. நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால் முதலில் எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போனபோதும் புதிய கைகள் அதை எடுத்துக்கொண்டன. நூலகம் திட்டத்தையும் பாருங்கள். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. இருபது ஆண்டு கடந்தும் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் அங்கே வாசிக்கலாம். ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண், ஆசிரியர், ஆண்டு என்று சலிக்காமல் எழுதிவைக்கிறார்கள். அந்தச் சலிக்காத வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பதிவறையில் கோப்பு தொலைவது மிகக் குறைவு. மாரிகால ஈரத்தில் கட்டின் மேலட்டை பிய்ந்து, இலக்கம் எழுதிய தாள் உதிர்ந்துவிடும். கோப்பு இறாக்கையில்தான் இருக்கும், ஆனால் எவராலும் எடுக்க முடியாது. கணினியிலும் இதுவே நடக்கிறது. மாவட்டப் புள்ளிவிபரக் கையேட்டைப் படமாக எடுத்துப் போட்டால் கண்ணால் பார்க்கலாம், ஒரு நிரலைக் கூட்டிப் பார்க்க முடியாது. மூதூரை ஒரு திணைக்களம் ஆங்கிலத்தில் ஒரு ‘டீ’ போட்டு எழுதும், மற்றது இரண்டு போடும். கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். கிராம சேவகர் பிரிவு இலக்கத்தை ஒவ்வொரு வரியிலும் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். எந்த அலுவலகம் தந்தது, எந்தத் திகதியில் தந்தது, கடைசியாக யார் சரிபார்த்தார் என்ற மூன்றும் இல்லாத தரவை ஏற்றவே வேண்டாம். ஆயிரம் அட்டவணையைக் குவிப்பதிலும் நாற்பதை ஒழுங்காக வைத்திருப்பது மேல்.

பெயர் விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பட்டியலில் தன் பெயர் இருப்பதை எண்ணித் தூக்கமில்லாமல் கிடந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். வீட்டுத்திட்டப் பயனாளிகளின் எண்ணிக்கையைப் போடுங்கள், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். பொறுப்பாளர்களும் ஒரே தெருப் பிள்ளைகளாக இருக்கக்கூடாது. பட்டினத்திலிருந்து ஒருவர், கிண்ணியாவிலிருந்து ஒருவர், கந்தளாயிலிருந்து ஒருவர் என்று மூன்று சமூகத்தவரும் திறப்பை வைத்திருக்கவேண்டும். ஒருவர் வெளிநாடு போனாலும் கதவு பூட்டிக்கிடக்காது; எந்தச் சமூகமும் இது எங்களுடையதல்ல என்று ஒதுங்காது.

காலமும் அதிகம் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. பதிவேடுகளைப் பட்டியலிட்டுச் சுட்டியிட்டு வைத்திருப்பது ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையின் கடமை என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. அன்று ஏற்கெனவே இருந்த பதிவேடுகளை அதிலிருந்து குறைந்தது பத்து ஆண்டு காக்கவேண்டும், பிறகு உருவானவற்றைப் பன்னிரண்டு ஆண்டு. அந்தப் பழைய பதிவேடுகளுக்கு இச்சட்டம் விதித்த பத்து ஆண்டு 2027 பெப்ரவரியில் நிறைகிறது. சுனாமி மீள்குடியேற்றக் கணக்கும் போர்க்கால இடம்பெயர்வுக் கணக்கும் எந்த அலுவலகத்தில் மிஞ்சியிருந்தாலும் அந்த வகையில்தான் அடங்கும்.

பிள்ளைகளே, இணையதளத்துக்கு வர்ணம் தேடுவதைப் பிறகு பார்க்கலாம். மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் பதினொன்று. ஒவ்வொன்றின் தகவல் அலுவலருக்கும் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். முதற்கேள்வியாக, உங்களிடமுள்ள பதிவேடுகளின் பட்டியலைத் தாருங்கள் என்று கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லவேண்டும்.