பாதித் தேன்

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு சப்டைட்டில் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. அதனால் இப்போதெல்லாம் ஐரோப்பாவில் சின்னச் சின்னக் குழுக்கள் எடுக்கும் படங்களாகத் தேடிப் பார்க்கிறேன். இந்த முறை பார்த்தது வடக்கு மாசிடோனியாவின் 'ஹனிலேண்ட்'. 2019-இல் வந்த ஆவணப்படம். தமாரா கோடெவ்ஸ்கா, லியுபோமிர் ஸ்டெஃபனோவ் இருவரும் சேர்ந்து இயக்கியது. ஆவணப்படம், சர்வதேசப் படம் என்ற இரண்டு ஆஸ்கர் பிரிவுகளிலும் பரிந்துரை பெற்ற முதல் படம் இதுதான்.

ஹதிஜே என்ற பெண்மணி, கரண்டும் ரோடும் இல்லாத மலைக் கிராமத்தில், படுத்த படுக்கையான தாயாரோடு இருக்கிறார். ஊரில் வேறு ஆளே இல்லை. வெறும் கையால் தேனடையை எடுப்பார். பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் தேனீக்களுக்கே விட்டுவிடுவார். தலைநகர் ஸ்கோப்யே போய்த் தேனை விற்று, அந்தக் காசில் தலைச்சாயம் வாங்கிக்கொள்கிறார். பார்க்க ஆளில்லாத ஊரில் தலைச்சாயம்! எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

மூன்று வருஷம் எடுத்திருக்கிறார்கள், 400 மணி நேரத்துக்கும் மேல். தாயும் மகளும் பேசுவது ஒருவகைத் துருக்கி மொழி. அது இயக்குநர்களுக்கே தெரியாதாம். பேச்சை நம்பாமல் படத்தை வைத்தே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன், கதை புரியத்தான் செய்கிறது.

பிறகு ஹுசைன் என்பவர் மனைவி, ஏழு பிள்ளைகள், மாடுகளோடு வந்து பக்கத்தில் குடியேறுகிறார். ஹதிஜேதான் அவருக்குத் தேனீ வளர்க்கச் சொல்லித் தருகிறார். இன்னும் வேண்டும் என்று வியாபாரி நெருக்க, ஹுசைன் மிச்சம் வைக்காமல் எடுத்துவிடுகிறார். பட்டினி கிடந்த அவருடைய தேனீக்கள் ஹதிஜேயின் தேனீக்களைத் தாக்கி அழிக்கின்றன.

ஹுசைனை வில்லன் என்று சொல்லிவிடுவது சுலபம். என்னால் முடியவில்லை. நான் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தவன். ஒரு கோடைக்காலத்தில், கறவை மாட்டுக் கடன் வாங்கிய ஒருவர் வந்து, கன்று செத்துப்போச்சு சார், பால் வற்றிப்போச்சு, இரண்டு தவணை பொறுங்கள் என்றார். நான் லெட்ஜரைத் திருப்பிக்கொண்டே, அடுத்த தவணை எப்போ என்று கேட்டேன். மாட்டை விற்றுக் கட்டிவிட்டார். அந்த மாதம் என் வசூல் கணக்கு சுத்தமாக இருந்தது. படத்தில் அந்த வியாபாரி எப்போ தருவாய் என்று கேட்கும்போது எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

படக்குழு மேல் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாம் கண்ணெதிரே நடக்கும்போது எப்படிச் சும்மா நின்றார்கள்? நின்றதால்தான் படம் கிடைத்தது என்பதும் தெரிகிறது. பிற்பாடு ஹதிஜேக்கு வேறொரு ஊரில் வீடு வாங்கிக் கொடுத்தார்களாம், அதுவரை சந்தோஷம்.

ஒன்றரை மணி நேரம்தான் ஓடுகிறது. தலைச்சாயக் காட்சியில் என் மனைவி சிரித்தாள். வியாபாரி வந்ததும் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன். மறுநாள் தனியாக உட்கார்ந்துதான் அந்தப் பகுதியை முழுதாகப் பார்த்தேன்.