லெட்டர்பேடில் 30 கிலோ

விமானப் பயணிகள் என்னிடம் கொண்டுவரும் புகார்களில் பெட்டி காணாமல் போனது, உடைந்தது, நாலு நாள் கழித்து வந்தது என்பவைதான் அதிகம். கூடுதல் எடைக்குக் காசு வாங்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட வருகிறவர் அபூர்வம். கவுன்ட்டரில் சத்தம் போடுவார்கள், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் புலம்புவார்கள், அடுத்த தடவை அதே கம்பெனியில் டிக்கெட் எடுப்பார்கள். 2018-ல் முசிறிப் பக்கத்துக்காரர் ஒருவர் 4,000 ரூபாய்க்காக என் எதிரில் வந்து உட்கார்ந்தபோது அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பத்தான் பார்த்தேன். ஷார்ஜாவில் கொத்தனார் வேலை. விடுமுறை முடிந்து திரும்பிப் போக வேண்டியவர். வாய்தாவுக்கு வாய்தா யார் வருவது?

"நாலாயிரம் போனா போகுது சார். அங்க ஏறும்போதே சொல்லியிருந்தா நான் போர்வையே வாங்கியிருக்க மாட்டேன்ல?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன்.

அவருடைய மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டுதான். அந்த வாரம் இடமில்லை. மத்திய பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு டிராவல்ஸ் கடையில் அவருடைய மச்சான் போய் விசாரித்தார். "சென்னை வந்து இறங்கி, கனெக்ஷன்ல திருச்சி. காலையில பத்து மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பாரு" என்று பணத்தை வாங்கிக்கொண்டு டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள்.

அவர் கொண்டு வந்தது ஒரே அட்டைப்பெட்டி. சுற்றிலும் பழுப்பு டேப், அதன்மேல் வரிந்து கட்டிய நீல நைலான் கயிறு, மார்க்கரில் பெயர், ஊர், போன் நம்பர். உள்ளே நிடோ பால்பவுடர், டாங், பேரீச்சம்பழம், பாதாம், கோடாலித் தைலம், சோப்பு, ஒரு ரைஸ் குக்கர், எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த கொரியா போர்வை. ரோலா கடைத்தெருவில் வாங்கிய அந்தப் போர்வை மட்டும் 5 கிலோ. வளைகுடாவில் இருப்பவர்கள் பெட்டி கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறையில் கொக்கித் தராசில் தொங்கவிட்டு, ஒரு சோப்பை எடுத்து, ஒரு தைலப் புட்டியை வைத்து, மறுபடி தொங்கவிட்டு எடை பார்ப்பார்கள். இவரும் அப்படித்தான் சரியாக 30 கிலோவுக்குக் கட்டியிருந்தார். ஷார்ஜாவில் ஒரு கேள்வி இல்லாமல் பெட்டி ஏறியது.

சென்னையில் சுங்கம் கடந்து, பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்குப் போனார். அங்கே கவுன்ட்டரில் இருந்த பெண், "உங்களுக்கு 15 கிலோதான் சார் அலவன்ஸ்" என்றார். மீதி 15 கிலோவுக்கு, கிலோ 400 வீதம் 6,000 ரூபாய்.

அடுத்து நடந்ததை அவர் என்னிடம் சொன்ன விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, ஏனென்றால் அவர் கவுன்ட்டர் பெண்ணைப் பற்றிப் பேசியதைவிட வரிசையில் நின்றவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார். பின்னால் நின்ற ஒருவர், "கட்டிட்டு நகருப்பா, எல்லாருக்கும் நேரமாகுது" என்றாராம். கல்லூரிப் பையன் ஒருவன் தன்னிடம் முதுகுப்பை மட்டும்தான் இருக்கிறது, தன் கணக்கில் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறான். தெரியாதவர் சாமானைத் தன் பேரில் ஏற்றக் கூடாது என்று கவுன்ட்டரில் மறுத்துவிட்டார்கள். (அது சரிதான், யாராக இருந்தாலும் நானும் அதையேதான் சொல்வேன்.) ஒரு வயதான அம்மா, தான் போன முறை இரண்டு புடவையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்த கதையைச் சொல்லி யோசனை கொடுத்தாராம். இவர் பிளேடு வாங்கிக் கயிற்றை அறுத்து, எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்தார். போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கைப்பை ஏற்கெனவே 7 கிலோ, தோளில் இருப்பதும் கணக்குதான் என்றார்கள். கடைசியில் போர்வையை அங்கே துப்புரவு வேலை பார்த்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மீதி 10 கிலோவுக்கு வரி நீங்கலாக 4,000 ரூபாய் கட்டினார். அது காதுகுத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம்.

இதில் எந்த இடத்தில் சட்டம் நுழைய முடியும் என்பதுதான் என் கவலை. கிலோவுக்கு 400 அநியாயம் என்று வாதாடலாம், நிற்காது. ஒரு காலத்தில் உள்நாட்டு விமானத்தில் 20 கிலோ இலவசமாகவே போனது. பின்பு தனியார் நிறுவனங்கள் அதை 15 ஆக்கின. பெட்டி, இருக்கைத் தேர்வு போன்றவற்றுக்குத் தனித்தனியே காசு வாங்கிக்கொள்ள 2013-லேயே விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அனுமதித்துவிட்டது. பயணிகள் கூச்சல் அதிகமானதும், 2016 ஜூனில் அதே டிஜிசிஏ, 15-லிருந்து 20 கிலோ வரை உள்ள கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2017 ஆகஸ்டில் அந்தச் சுற்றறிக்கை ரத்தானது. கட்டணம் மேலே ஏறியது அதற்குப் பிறகுதான். என் கட்சிக்காரர் ஓர் ஆண்டு முன்பு வந்திருந்தால் முதல் 5 கிலோவுக்கு 500 ரூபாயோடு போயிருக்கும்.

ஆகவே விலையை விட்டேன். சொல்லாமல் விட்டதைப் பிடித்தேன்.

அவரிடமிருந்து வாங்கிய தாள்கள் மூன்று. ஷார்ஜா–சென்னை டிக்கெட் ஒன்று, சென்னை–திருச்சி டிக்கெட் ஒன்று. இரண்டுக்கும் வெவ்வேறு பிஎன்ஆர் எண், வெவ்வேறு கம்பெனி. மூன்றாவது, அவற்றின் மேல் பின் அடித்திருந்த டிராவல்ஸ் கடையின் லெட்டர்பேட். அதில் பெரிய எழுத்தில் 'ஷார்ஜா – சென்னை – திருச்சி', அடுத்த வரியில் 'பேக்கேஜ் 30 கிலோ + 7 கிலோ'. பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், பன்னாட்டுப் பயணத்துக்கான எடை உள்நாட்டுப் பகுதிக்கும் தொடர்வதுதான் நடைமுறை. தனித்தனி டிக்கெட் என்றால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் கணக்கு. கடைக்காரர் விற்றது இரண்டு டிக்கெட். எழுதிக் கொடுத்தது ஒரே பயணம்.

அப்போது 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம். இப்போது போல முறையீட்டாளர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அதில் வழி கிடையாது. எதிர்தரப்பினர் இருக்கும் இடம், அல்லது வழக்குமூலம் எழுந்த இடம் வேண்டும். கடை திருச்சியில் இருந்ததால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்திலேயே தாக்கல் செய்ய முடிந்தது. உள்நாட்டு விமான நிறுவனம் முதல் எதிர்தரப்பு, கடை இரண்டாவது.

விமான நிறுவனத்துக்குச் சென்னையிலிருந்து வந்த வக்கீல் இளையவர், கெட்டிக்காரர். அவர் கையில் 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருந்தது. பனிமூட்டத்தில் தாமதமான டெல்லி–ஹைதராபாத் விமானம் பற்றிய இண்டர்குளோப் ஏவியேஷன் வழக்கு அது. நிபந்தனைகளை இணையதளத்தில் போட்டு, டிக்கெட்டில் அதைக் குறிப்பிட்டு, விமான நிலையக் கவுன்ட்டரில் பார்வைக்கும் வைத்திருந்தால் போதும். பயணி படிக்கவில்லை என்பதற்காக அவை அவரைக் கட்டுப்படுத்தாமல் போகாது என்கிறது அந்தத் தீர்ப்பு. எங்கள் டிக்கெட்டிலோ 15 கிலோ என்று அச்சாகியே இருந்தது. அதோடு அவர் ஒரு நியாயமும் கேட்டார்: கைப்பையோடு போகிற பயணி, மற்றவருடைய ரைஸ் குக்கருக்கும் சேர்த்து ஏன் காசு கொடுக்க வேண்டும்? கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டிக்குத் தனியே காசு வாங்கத் தொடங்கியபோது கைப்பைக்காரருக்கு டிக்கெட் எவ்வளவு குறைந்தது என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவர் பதில் உரையிலும் விடை இல்லை, வாதத்திலும் இல்லை.

1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 135-ஆம் விதியை எடுத்து வைத்தேன். கட்டணத்தை நிறுவனமே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று சொல்லும் அதே விதி, அந்தக் கட்டண விவரத்தைத் தன் அலுவலகத்திலும் தன் ஏஜென்ட் அலுவலகத்திலும் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேருந்து நிலையக் கடைச் சுவரில் சாமி படமும் ஹஜ், உம்ரா விளம்பரமும் இருந்தன. எடைக் கட்டணப் பட்டியல் இல்லை. சென்னை வக்கீல் அதற்கும் தயாராக வந்திருந்தார். அந்தக் கடை எங்கள் ஏஜென்டே இல்லை என்றார்.

உண்மைதான். ஊர் ஊராக இருக்கும் டிராவல்ஸ் கடைகளில் பல, விமான நிறுவனத்தோடு நேரடித் தொடர்பு இல்லாதவை. பெரிய மொத்த ஏஜென்ட் ஒருவர் நடத்தும் போர்ட்டலில் முன்பணம் கட்டி, அதிலிருந்து டிக்கெட் அடித்துக் கொடுப்பார்கள். கடைக்காரருக்கு ஒரு டிக்கெட்டில் நிற்பது சில நூறு ரூபாய். நிறுவனம் போர்ட்டலைக் காட்டும், போர்ட்டல் கடையைக் காட்டும், கடை பயணியைப் பார்த்து 'நீங்க படிச்சிருக்கணும்' என்னும்.

கட்சிக்காரர் இதற்குள் ஷார்ஜா போய்விட்டார். அதிகாரக் கடிதத்தோடு வாய்தாக்களுக்கு வந்தது அவர் மனைவி. கணவரைவிட விவரமானவர். போர்வைக்கு ரசீது உண்டா என்று எதிர்தரப்பு கேட்டபோது, கசங்கிய கடை பில்லை மணிபர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். "இவ்வளவு சாமான் இருந்தால் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கலாமே?" என்று கடைக்காரரின் வக்கீல் கேட்டார். "பஸ்ஸுலதான் வரணும்னா பிளைட்டு டிக்கெட்டுக்கு எங்ககிட்ட எதுக்கு சார் பணம் வாங்குனாங்க?" என்றார். மன்றத் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பு எழுதினார்.

கடைக்காரர் தரப்பு, எடை வித்தியாசத்தை வாய்மொழியாகச் சொன்னோம் என்றது. சொன்னவர் யார், கேட்டவர் யார் என்று கேட்டதற்கு, மச்சானிடம் சொன்னதாகப் பதில் வந்தது. லெட்டர்பேடைத் தலைவர் கையில் எடுத்து, "வாயால் 15 சொன்னீர்கள், கையால் 30 எழுதினீர்களா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

2019 கடைசியில் உத்தரவு வந்தது. விமான நிறுவனம் மீதான முறையீடு தள்ளுபடி. டிக்கெட்டில் எடை அச்சாகியிருந்தது, கடை அதன் ஏஜென்ட் என்று நிரூபிக்கப்படவில்லை. கடைக்காரர் 4,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு 5,000, செலவுத் தொகை 2,000. போர்வைக்குத் தனியாக எதுவும் இல்லை. அவராகவே விரும்பிக் கொடுத்ததாகக் கொண்டார்கள். எனக்கு இந்த ஒரு வரியில்தான் உடன்பாடு இல்லை. விமானம் கிளம்பப் போகிறது, பின்னால் வரிசை முணுமுணுக்கிறது, கையில் இருப்பது காதுகுத்துப் பணம். அந்த நிலையில் ஒருவர் செய்வதற்கு விருப்பம் என்று பேரா? மேல்முறையீடு செய்யலாம் என்றேன். "விடுங்க சார், அந்தம்மா போத்திக்கிட்டும்" என்று ஷார்ஜாவிலிருந்து போனில் சொல்லிவிட்டார்.

எங்கள் வழக்கு முடிந்த பிறகு, 2021 பிப்ரவரியில், பெட்டியே இல்லாத பயணிகளுக்குத் தனிக் குறைந்த கட்டணம் வைத்துக்கொள்ள டிஜிசிஏ அனுமதித்தது. அப்படி டிக்கெட் எடுத்தவர் பெட்டியோடு வந்து நின்றால் எவ்வளவு வாங்குவார்கள் என்பதைப் பதிவு செய்யும்போதே தெளிவாகக் காட்டி, டிக்கெட்டிலும் அச்சிட வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. பயணி நேரடியாகப் பதிவு செய்தால் அது சரி. பேருந்து நிலையக் கடையில் மச்சான் போய் எடுத்தால் யார் கண்ணுக்குக் காட்டுவது என்று அதில் இல்லை.

கடைக்காரர் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. 11,000 ரூபாயை வரைவோலையாகக் கட்டினார். சில மாதம் கழித்து அவரே என் அலுவலகப் படியேறி வந்தார். கோபமெல்லாம் இல்லை. போர்ட்டலில் டிக்கெட் அடிக்கும்போது திரையில் மேலே 30 கிலோ என்றுதான் காட்டியது, உள்ளே போய்ப் பார்த்தால்தான் இரண்டாவது விமானத்துக்கு 15 என்று தெரியும், அந்தப் போர்ட்டல் கம்பெனி மேல் நுகர்வோர் வழக்குப் போடலாமா என்று கேட்டார். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை, ஆகவே நீங்கள் நுகர்வோர் இல்லை என்றேன். சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆள் வைத்து இரண்டு கிளை நடத்துகிறவர் அதில் நுழைவது கஷ்டம்.

"அப்ப எங்க சார் போறது?"

"முன்சீஃப் கோர்ட். கோர்ட் ஃபீஸ் கட்டணும். ஒப்பந்தத்துல டெல்லியிலதான் வழக்குன்னு போட்டிருப்பாங்க, அதையும் பாக்கணும்."

மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு புது ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் காட்டி, வாசகம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னார்: 'உள்நாட்டு விமானத்தில் 15 கிலோ மட்டுமே. கூடுதல் எடைக்குத் தனிக் கட்டணம்.' கீழே பயணியின் கையெழுத்துக்கு ஒரு கோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.